பலகைக்குக் கீழே ஒரு பலகை

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவனை எல்லாரும் பிளேடு என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் அறுப்பான் என்பதற்காக வைத்த பெயர் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவன் பார்த்த வேலை அப்படி. பெட்டி எந்த வடிவத்தில் வெட்டுப்பட வேண்டுமோ அந்த வடிவத்துக்கு மெல்லிய எஃகு பிளேடை வளைத்து, ஒட்டுப்பலகையில் காடி என்ற மெல்லிய பிளவை அறுத்து அதற்குள் இறக்கி, இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டுவான். அதற்கு டை என்று பெயர். அவன் செய்து கொடுக்கும் டையை மெஷினில் மாட்டி ஓட்டுவது என் வேலை. இருபத்தாறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. மாத்திரைப் பெட்டி, சோப்புப் பெட்டி, செருப்புப் பெட்டி என்று எத்தனையோ லட்சம் அட்டை வெட்டியிருக்கிறேன். அவன் டையில் ஒரு மூலை பிசிறு தட்டி நான் பார்த்ததில்லை.

அவனுக்கு ஆறு வயது மூத்த அண்ணன் ஒருவர் உண்டு. நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். அந்த வட்டாரத்தில் எந்தத் துண்டு நிலத்தைக் கேட்டாலும், காகிதத்தைப் பார்க்காமல் அதன் எண்ணையும் நாலு பக்க எல்லையையும் சொல்வார். நல்ல மனிதர். தம்பியைப் படிக்க வைக்கப் பார்த்தார். அவன் பத்தாவதோடு நின்றுவிட்டான். எங்கள் முதலாளியிடம் பேசி அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அதைச் சொல்லிக்காட்டவும் மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. தம்பியை யாருக்காவது அறிமுகம் செய்யும்போதெல்லாம், தோளில் கை போட்டுக்கொண்டு, "எங்க வீட்டுல இவனுக்குப் புத்தி எல்லாம் கைக்குப் போயிடுச்சு, தலைக்கு வரல" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். பிளேடும் சிரிப்பான். ஒரு தடவை, கல்யாணப் பேச்சுக்காக வந்திருந்த பெண்ணின் அப்பாவிடமும் அதையே சொன்னார். அந்தச் சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தால் அமையவில்லை என்றுதான் சொன்னார்கள். பிளேடு அதற்கப்புறம் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானச் சாப்பாடு அண்ணன் வீட்டில். சாப்பிட்டு முடித்ததும் சர்வேயர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுப்பார். 'கால்வாய்' என்று ஒரு பலகை ஆட்டம். மேலே மலை, கீழே கடல், நடுவில் கட்டம் கட்டமாக அறுபத்துநாலு வயல். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, யார் அதிக வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறாரோ அவருக்கு ஜெயம். தாயம் உருட்டுகிற ஆட்டம் இல்லை, எல்லாம் யோசனை. மூன்றாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணி சில நாள் ஆடுவார், சில நாள் பார்ப்பார்.

பத்தொன்பது வருஷம் ஆடினோம். பத்தொன்பது வருஷமும் சர்வேயர்தான் ஜெயித்தார். ஆறு மூன்றாவது தடவை வளைகிற இடம் ஒன்று பலகையில் உண்டு. அங்கே மதகு வைத்தவனுக்குக் கீழே இருக்கும் அத்தனை வயலும் கைக்குள். நாலே நகர்த்தலில் அவர் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் முந்திப் போனால் வேறு பக்கமாக வந்து எங்களைப் பட்டினி போடுவார். நான் பொழுதுபோக்காக ஆடினேன், பொழுதுபோக்காகத் தோற்றேன். பிளேடு அப்படி இல்லை. திங்கட்கிழமை காலையில் அவன் மேஜையில் கிடக்கும் கழிவு அட்டையில் முந்தைய நாள் ஆட்டம் முழுவதும் பென்சிலில் வரைந்திருக்கும்.

அந்த யோசனை அவனுக்கு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்தேன். ஒரு நாள் ஜன்னல் வைத்த பொம்மைப் பெட்டிக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தோம். துளை விழுந்த ஓர் அட்டையை அச்சடித்த வேறு ஓர் அட்டையின் மேல் போட்டேன். துளை வழியே கீழே இருந்த நிறம் தெரிந்தது. பிளேடு கையிலிருந்த சுத்தியலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மேல ஓடற தண்ணிய வெச்சுதானே அண்ணன் ஜெயிக்கறாரு," என்றான். "கீழயும் தண்ணி இருக்குல்ல."

மூன்று வருஷம் அதற்காக உழைத்தான். ஓர் ஆட்டத்தோடு சேர்த்து ஆடுவதற்கென்று புதுக் காயும் புது விதியுமாகத் தனியாக ஒரு பெட்டி வரும், விரிவுப் பெட்டி என்பார்கள். அப்படி ஒன்றை அவனே செய்தான். பெயர் 'கீழ்நீர்'. பழைய பலகையைப் போலவே புதிதாக ஒன்று வெட்டி, ஒவ்வொரு வயலிலும் ஒரு வட்டத் துளை போட்டு, அதற்கு ஒரு மூடி வைத்தான். அடியில் இன்னொரு மெல்லிய பலகை. அதில் ஒவ்வொரு வயலுக்கும் கீழே எவ்வளவு ஊற்று என்று நீலக் கோடுகள். கிணறு தோண்ட நினைக்கிறவர் மூடியைத் தூக்கித் தான் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும். பார்த்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கிணற்றில் இறைத்தால் பக்கத்து வயலின் ஊற்று குறையும். ஆட்டம் தொடங்கும் முன் அடிப்பலகையைத் திருப்பி வைத்தால் போதும், எல்லாம் இடம் மாறிவிடும். மூன்றாவது வளைவில் மதகு வைத்தவன் அங்கேயே காவல் காக்க வேண்டியதுதான்.

கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு ஆடி ஆடிப் பழுது பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு விதி குறையும். முதலில் பதினேழு விதி இருந்தது, கடைசியில் ஆறு. நான் ஆடியவரை அதைவிட நல்ல ஆட்டம் ஆடியதில்லை. எங்கள் மேனேஜர் பார்த்துவிட்டு, 'கால்வாய்' ஆட்டத்தைத் தயாரிக்கிற கம்பெனிக்கே ஒரு மாதிரிப் பெட்டியை அனுப்பிவைத்தார். பிளேடுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

"உலகத்துல யார் வேணா ஆடட்டும்," என்றான். "மொதல்ல அண்ணன் ஆடணும்."

அந்தக் கடைசி ஒன்றரை வருஷத்தில் சர்வேயர் வீட்டில் சின்னச் சின்ன மாறுதல்கள் இருந்தன. எதிரில் உட்காரும் அண்ணி அவர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். "உங்க முறை" என்று அவர் கையைத் தொட்டுச் சொல்வார். சர்வேயர் சொன்ன கதையையே சொல்வார். வயதானால் யார்தான் சொல்லாமல் இருக்கிறார்கள். ஆட்டத்தில் மட்டும் குறை இல்லை. முதல் நாலு நகர்த்தலும் அவர் கை தானாகப் போய்ச் செய்யும். எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணி தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அங்கே வந்தது அன்று ஒரு நாள்தான். நானும் பிளேடும் வெளியே போனோம்.

"தம்பி, ஏதோ புதுப் பெட்டிய ஞாயித்துக்கிழம கொண்டு வரேன்னு சொன்னீங்களாமே," என்றார்.

"ஆமா அண்ணி."

"வேண்டாமே. பழசே ஆடுங்க. அவருக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"ஒரு தடவ ஆடிப் பாக்கட்டும் அண்ணி. பிடிக்கலன்னா விட்டுடலாம்."

"இப்ப வேண்டாம் தம்பி. இன்னும் ஏழு மாசத்துல ரிட்டையர் ஆயிடுவாரு. அப்புறம் பாத்துக்கலாம்."

"ஆட்டத்துக்கும் ரிட்டையர்மெண்டுக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?"

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாய் வரை வந்ததை விழுங்கினார். நான் ரெண்டடி நகர்ந்து நின்றிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. எனக்கு அது தோன்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"சொன்னா கேளுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே வரும்போது பிளேடு சிரித்தான். "பாத்தியா. தோத்துடுவாருன்னு இவங்களுக்கே பயம் வந்துடுச்சு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. "கொண்டு போடா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் பிளேடு தன் பெட்டியை மேஜையில் வைத்தான். அண்ணி சமையலறை வாசலில் நின்று பார்த்தார். சர்வேயர் பலகையைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவினார். மூடி ஒன்றைக் கழற்றி மாட்டினார்.

"வேலைன்னா இதுதான்டா வேலை," என்றார்.

பிளேடின் முகம் மலர்ந்தது. ஆறு விதியையும் நிதானமாகச் சொன்னான். "பாத்துட்டு மூடிடணும். பாத்தத ஞாபகம் வெச்சுக்கணும். அவ்வளவுதான் அண்ணா."

"அவ்வளவுதானா," என்று அவர் சிரித்தார். அண்ணி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் நாலு நகர்த்தல் வழக்கம்போல. மூன்றாவது வளைவில் மதகு. நானும் பிளேடும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாங்கள் கடற்கரைப் பக்கம் கிணறு தோண்டிக்கொண்டு போனோம். சர்வேயர் முறை வந்தது. மலையடியில் ஒரு வயலின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், மூடினார். அடுத்த முறையும் அதே மூடியைத் தூக்கினார். அதற்கு அடுத்த முறையும் அதையே.

"அங்க பாத்தாச்சே அண்ணா."

"பாத்தேனா?"

"ரெண்டு தடவ பாத்தீங்க."

"சரி, சரி. இந்த மூடி எதுக்குன்னு சொன்ன?"

பிளேடு திரும்பச் சொன்னான். ஒரு சுற்று கழித்து அவர் திரும்பக் கேட்டார். நாலாவது தடவை கேட்டபோது பிளேடுக்கு முகம் மாறிவிட்டது. அவன் என்ன நினைத்தான் என்று எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன். தோற்கப்போவது தெரிந்து, தம்பியின் மூன்று வருஷ உழைப்பை விளையாட்டாக்கிப் பார்க்கிறார் என்று நினைத்தோம். அண்ணி மெதுவாக விரலை நீட்டி ஒரு வயலைக் காட்டினார்.

"அண்ணி, சொல்லிக் குடுக்காதீங்க," என்றான் பிளேடு. "அவரே ஆடட்டும்."

சர்வேயர் ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வாய்க்கால் துண்டைக் கொண்டுபோய்க் கடலுக்குள் வைத்தார்.

"புத்தி எல்லாம் எங்க அண்ணா போச்சு?" என்றான் பிளேடு. "உங்களுக்குக் கைக்கும் வரலையே."

எத்தனை வருஷமாக அந்த வாக்கியத்தை வைத்திருந்தானோ. நான் வாய்விட்டுச் சிரித்தேன். மேஜையில் தட்டிச் சிரித்தேன். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து சர்வேயரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நின்று, அண்ணியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்கு இவங்க பேசறது ஒண்ணும் புரியல. நேரமாச்சு, வா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

அவர் உட்கார்ந்திருந்தது அவர் வீட்டு ஹால். அவர் தலைக்கு மேலே சுவரில் அவருடைய சர்வே பயிற்சிச் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

"இதுதான் அண்ணா வீடு," என்றான் பிளேடு, இன்னும் பாதிச் சிரிப்போடு. அப்புறம்தான் அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

அண்ணி அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி உள்ளறைக்குக் கூட்டிப்போனார். மேஜையில் பலகை அப்படியே கிடந்தது. பிளேடுக்கு முப்பத்தொரு வயல், எனக்குப் பதினாலு, சர்வேயருக்கு ஒன்பது. எண்ணிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை, ஆனாலும் நான் எண்ணினேன். கண்ணை வேறெங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சற்று நேரத்தில் அண்ணி வெளியே வந்து எங்களைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒன்றரை வருஷமா இப்படித்தான்," என்றார். "டாக்டர் நோய்க்குப் பேரே சொல்லிட்டாரு. இது போகப்போக அதிகமாகுமே தவிர குறையாதாம். ஆபீஸ்ல கூட இருக்கறவர்தான் பாதி வேலைய இழுத்துட்டுப் போறாரு. காலைல சட்டைப்பைல எல்லாத்தையும் எழுதி வெச்சு அனுப்பறேன். இன்னும் ஏழு மாசம் மரியாதையா தள்ளிட்டா போதும்னு பாத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. முக்கியமா உங்ககிட்ட." அண்ணி மூச்சு வாங்கினார். "அந்தப் பழைய ஆட்டம் மட்டும் அவருக்கு மறக்கவே இல்ல தம்பி. எப்படின்னு டாக்டருக்கே தெரியல. ஞாயித்துக்கிழம மூணு மணி நேரம் அவரு அவரா இருப்பாரு. நான் வாரம் பூரா அதுக்காகத்தான் காத்துட்டிருப்பேன். வேண்டாம்னு வாசல் வரைக்கும் வந்து சொன்னேனே."

 பிளேடு கைப்பிடிச் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

இரண்டு வாரம் கழித்து அண்ணியே சொல்லியனுப்பினார். பழைய பெட்டியைப் போட்டுப் பார்க்கலாம், ஒருவேளை சரியாகும் என்று. போனோம். பலகையை விரித்தோம். முதல் நகர்த்தலுக்கு சர்வேயர் கையை நீட்டினார். வளைவுக்குப் போகவில்லை. ஒரு வயலை நகத்தால் நெம்ப ஆரம்பித்தார்.

"மூடி வரமாட்டேங்குது," என்றார்.

"இதுல மூடி கிடையாது அண்ணா. இது பழைய ஆட்டம்."

"கீழ பாக்கணுமே. பாக்காம எப்படி?"

நெம்பி நெம்பிப் பலகையின் மேல்தாள் கிழிந்து வந்தது. அடியில் சாம்பல் நிற அட்டை. அதைப் பார்த்துக் கண் கலங்கினார். அடுத்த வயலுக்குப் போனார். பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் எதுவும் கைக்கு வரவில்லை. தம்பி சொல்லிக்கொடுத்ததில் ஒரே ஒரு விஷயம் மட்டும் ஒட்டிக்கொண்டு, அது பழைய ஆட்டத்தையும் தின்றுவிட்டது. அண்ணி காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் ஆடவில்லை. ஆபீஸிலும் அந்த மாதமே விஷயம் வெளியே வந்து, மீதி மாதங்களை சர்வேயர் விடுப்பில் கழித்தார். வழியனுப்பு விழா என்று எதுவும் நடக்கவில்லை.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது அப்போதுதான். 'கீழ்நீர்' அவர்களுக்குப் பிடித்துவிட்டது. மேனேஜர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டை மேஜைக்கே வந்து பிளேடின் கையைக் குலுக்கினார். பிளேடு, "என்னமோ பண்ணுங்க" என்றான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வேலை எங்கள் தொழிற்சாலைக்கே வந்தது. டை அவன்தான் செய்தான், நான்தான் ஓட்டினேன். பெட்டியின் முகப்பில் அவன் பெயர், அதற்குக் கீழே 'ஆட்டத்துக்கு இன்னும் ஆழம்' என்று கொட்டை எழுத்தில். அடுக்கி வைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளிலும் அந்த வாசகம். பத்திரிகையில் யாரோ எழுதியிருந்தார்கள், முந்தைய ஆட்டம் வெறும் மேல்பூச்சு, இதை ஆடியவர்களால் இனிப் பழையதை ஆட முடியாது என்று. அதைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பிளேடு அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போவதை நிறுத்திவிட்டான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகிறான். முகம் மழித்துவிடுகிறான், நகம் வெட்டிவிடுகிறான், தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போகிறான். சர்வேயருக்கு அவன் யார் என்று சில நாள் தெரியும், பல நாள் தெரியாது. தெரியாத நாளில் "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்பார். அண்ணி கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். சாப்பாடு போடுவார், பேச மாட்டார். ஒரே ஒரு தடவை சொன்னாராம்:

"உங்க மேல கோவம் இல்ல தம்பி. உங்களப் பாத்தா அன்னைக்குக் கேட்ட சிரிப்புதான் காதுல விழுது. என்ன பண்ண."

இதை அவன் என்னிடம் சொன்னான். அன்றைக்கு அவன் சிரித்தது கொஞ்சம்தான். மேஜையைத் தட்டிச் சிரித்தது நான்.

"அது நான்னு சொல்ல வேண்டியதுதானே," என்றேன்.

"சொல்லி?" என்றான்.

நான் அந்த வீட்டுப் படியேறியும் நாலு வருஷம் ஆகிறது. போக வேண்டும், போக வேண்டும் என்று நினைக்கிறேன், போவதில்லை.

போன மாதம் 'கீழ்நீர்' இரண்டாம் பதிப்புக்கு ஆர்டர் வந்தது. பழைய டை தேய்ந்துவிட்டது, புதிது செய்ய வேண்டும். பிளேடு மேனேஜரிடம் போய், இந்த வேலையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். வேறு ஷிஃப்ட் ஆள் செய்தான். மாட்டி ஓட்டிப் பார்த்தேன். துளை ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது, மூடி உட்காரவில்லை. நான் கெட்டுப்போன அட்டையைப் பிளேடின் மேஜைப் பக்கமாக ஒதுக்கிவைத்தேன். பிளேடு அதைக் கண்டும் காணாததுபோல் அரை மணி நேரம் இருந்தான். பிறகு எழுந்து வந்து டையைக் கழற்றித் தன் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அறுபத்துநாலு வட்டப் பிளேடுகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காடியைத் திருத்தி, சுத்தியலால் தட்டித் தட்டித் திரும்ப இறக்கினான். சாயங்காலம் வரைக்கும் ஆனது.